வயது ஏறினால் சைக்கிளை விட்டுவிட வேண்டுமா?

(மலையடிவாரக் கிராமங்களில் வாழும் தம்பதியருக்கான குடும்ப நல உரை)



குடும்ப நலம் என்றவுடன் பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்த பிறகும் குடும்பம் இருக்கத்தானே செய்கிறது? அப்போது வீட்டில் மிஞ்சுவது கணவனும் மனைவியும்தான். அந்த இருவருடைய நலமும் குடும்ப நலமே. ஆகவே இன்று, உங்கள் வீட்டுத் திண்ணையோரம் சாய்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தச் சைக்கிளைப் பற்றிப் பேசலாம்.

சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை என்று எந்த மலையடிவாரத்தை எடுத்துக்கொண்டாலும் பாதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஏற்றம், இறக்கம், சரளைக்கல், மழை பெய்தால் சேறு. இந்தப் பாதையில்தான் பால் கேனும், புல்லுக்கட்டும், ரேஷன் அரிசியும் சைக்கிளில் வந்து சேருகின்றன. ஐம்பது வயதைத் தாண்டியதும் வீட்டில் ஒரு பேச்சுக் கிளம்புகிறது.

"ஏனுங்க, வயசு அறுபதாச்சு. இன்னும் அந்தச் சரிவுல சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போகணுமா? விழுந்து வெச்சா யாரு பாக்கிறது?" என்கிறார் மனைவி.

"நாப்பது வருஷமா மிதிக்கிறேன் புள்ள. இன்னைக்கா விழப்போறேன்?" என்கிறார் கணவர்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில், "அப்பா, அதை வித்துடுங்க. இனிமே பஸ்ஸுல போங்க" என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறான். சில வீடுகளில் இது மாறியும் இருக்கும். பால் சொசைட்டிக்குச் சைக்கிளில் போய்வரும் மனைவியைக் கணவர் தடுப்பார்.

யார் சொல்வது சரி? எல்லோர் பேச்சிலும் பாதி சரி இருக்கிறது. பாதி தவறும் இருக்கிறது. அதைத்தான் இப்போது பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு

முதலில் விழுவதைப் பற்றிச் சொல்கிறேன். இருபது வயதில் விழுந்தால் தோல் உரியும், எழுந்து தட்டிவிட்டுப் போவோம். அறுபதில் விழுந்தால் மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறியக்கூடும். இடுப்பெலும்பு முறிந்தவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரலாம். அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, மலஜலம் எடுப்பது யார்? பெரும்பாலும் அவருடைய துணைதான். அவருக்கும் அறுபது வயதாகியிருக்கும். ஆகவே "விழுந்தா யாரு பாக்கிறது?" என்ற கேள்வி வெறும் பயத்தில் கேட்பது அல்ல, நியாயமான கேள்வி.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. நமக்கு 30 வயதானதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குகிறது. பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறையும் என்றும், அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறையும் என்றும் மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வேலை கொடுத்தால் தசை தங்கும். உட்கார்ந்துவிட்டால் ஓடிப்போகும். தினமும் மிதித்தவர் திடீரென்று சைக்கிளை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், ஓரிரு ஆண்டில் தொடை மெலியும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், தள்ளாட்டம் வரும். பிறகு அவர் சைக்கிளிலிருந்து விழ மாட்டார். வீட்டு வாசற்படியில் விழுவார்.

அதோடு இன்னொன்று. பஸ் வராத ஊரில் சைக்கிளை விட்டவர் மருந்துக்கும், கடைக்கும், உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிறது. அந்த மனக்குறை உடம்பையும் பாதிக்கும்.

ஆகவே "ஓட்டலாமா, விடலாமா?" என்று ஒரே வெட்டாகக் கேட்கக் கூடாது. "எந்தப் பாதையில், எந்த நேரத்தில், எவ்வளவு சுமையோடு, எந்த மாதிரி சைக்கிளில்?" என்று கேட்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

மலையில் சைக்கிள் ஓட்டுவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கியவர்கள், அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் மாரின் வட்டாரத்து இளைஞர்கள். 1970-களில் அவர்கள் தடித்த டயர் போட்ட பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், மண்பாதை வழியே கீழே விட்டுக்கொண்டு வருவார்கள். 1976-ல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின்சக்கரத்தின் நடுவே இருந்தது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும். ஒரு தடவை மலையடிவாரம் வந்து சேர்வதற்குள் அது சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைப்பது' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். வாலிபர்கள் ஓட்டிய சைக்கிளுக்கே மலை இறக்கம் அந்தப் பாடு கொடுத்தது என்பதை மறக்காதீர்கள். அவர்களில் பேர்பெற்ற கேரி ஃபிஷர் 1950-ல் பிறந்தவர். ஜோ பிரீஸ் 1953-ல் பிறந்தவர். ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே புதிதாகச் சைக்கிள் கட்டியவர். அவரே பிற்காலத்தில், வேலைக்கும் கடைக்கும் போய்வரும் சாதாரணச் சைக்கிள்களைச் செய்வதில் கவனத்தைத் திருப்பினார்.

பிரான்சு நாட்டில் ராபர்ட் மார்ஷாண் என்று ஒரு பெரியவர். 1911-ல் பிறந்தவர். 2012-ல், தம் 100-ஆவது வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். பிறகு முறையாகப் பயிற்சி செய்து, 2014-ல் 102 வயதில் அதே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் ஓட்டினார். நூறு வயதைத் தாண்டியும் உடம்பு பயிற்சிக்கு இணங்குகிறது என்பதற்கு இது சாட்சி. 2021-ல், 109 வயதில் காலமானார். நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டங்களை அவர் சமதளமான பந்தயத் தளத்தில்தான் செய்தார். சரளைச் சரிவில் செய்யவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்கும் இன்று இதே கேள்விதான் எழும்.

வயது என்ன செய்கிறது?

நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது கண். அறுபது வயதுக் கண்ணுக்கு, இருபது வயதுக் கண்ணைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். கண்புரை தொடங்கியிருந்தால் எதிரே வரும் லாரி விளக்கு கண்ணைக் கூசவைக்கும். அந்த நேரத்தில் பாதையில் கிடக்கும் கல் தெரியாது.

இரண்டாவது காது. பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம் கேட்காவிட்டால் சாலையோரம் ஒதுங்க முடியாது.

மூன்றாவது நிதானம். ஆடு குறுக்கே ஓடினால் மூளைக்குச் செய்தி போய், கை பிரேக்கைப் பிடிக்க முன்னைவிடச் சற்று அதிக நேரமாகும். உடம்பைச் சரியாமல் தாங்கும் சக்தியும் குறையும்.

நான்காவது எலும்பு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. ஆண்களுக்கும் இது உண்டு, மெதுவாக வரும். எலும்பு பஞ்சானது வெளியே தெரியாது. முறிந்த பிறகுதான் தெரியும்.

இதயமும் மூச்சும்கூட முன்போல இருக்காதுதான். ஆனால் பயிற்சிக்கு அவை நன்றாக இணங்கும். முட்டிக்கும் சைக்கிள் பொதுவாக நல்லது. உடம்பின் பாரம் சீட்டில் இருப்பதால், நடப்பதைவிட முட்டிக்குச் சுமை குறைவு. முட்டி தேய்ந்தவர்களுக்கும் சமதளத்தில் மெதுவாக மிதிக்கச் சொல்லி மருத்துவர்கள் ஆலோசனை கூறுவதுண்டு.

வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் செய்யும்போது மற்றவர் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒன்று: சுவரோரம் ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா? முடியாவிட்டால், மேட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதைத் தள்ளிப்போட்டு, முதலில் நிற்கப் பழகுங்கள்.

இரண்டு: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார முடிகிறதா?

மூன்று: சைக்கிளில் ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறாமல் காலைத் தூக்கிப் போட முடிகிறதா? வயதானவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவது சகஜம். ஓட்டுவது சரியாக இருந்தாலும் இந்த இடத்தில் தடுமாற்றம் வரும்.

நான்கு: ஒரு கையை எடுத்துச் சைகை காட்டிக்கொண்டே நேராகப் போக முடிகிறதா? தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா? இதை வண்டி வராத களத்து மேட்டில் செய்து பாருங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் "ஐயோ, முடிஞ்சுது" என்று நினைக்க வேண்டாம். பயிற்சியால் திரும்பப் பெறக்கூடியவைதான் இவை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடம்பை நிதானப்படுத்தும் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவுறுத்தியது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதே ஒரு நல்ல பயிற்சி.

பாதையைப் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையை மூன்றாகப் பிரியுங்கள்: சமதளம், ஏற்றம், இறக்கம்.

சமதளத்தில், பகலில், இலேசான சுமையோடு ஓட்டுவதை எழுபதிலும் தொடரலாம். உடம்பு இடம் கொடுத்தால் அதற்கு மேலும் தொடரலாம்.

ஏற்றத்தில் ஓர் எளிய அளவுகோல் உண்டு. மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரி. வார்த்தை வார்த்தையாக வாங்கி வாங்கிப் பேசினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. தள்ளிக்கொண்டு நடப்பதும் நல்ல உடற்பயிற்சியே. எலும்புக்கு மிதிப்பதைவிட நல்லது.

இறக்கத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஏறும்போது களைப்புதான் வரும். இறங்கும்போதுதான் எலும்பு முறியும். கொல்லிமலைச் சாலையில் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட சாலையில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும், பிரேக் கட்டை தேயும், கை மரத்துப்போகும். ஆகவே சற்றுப் பிடித்து, சற்று விட்டு, மறுபடி பிடித்து இறங்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். பின் பிரேக்கை முதலில் இலேசாகவும், பிறகு இரண்டையும் சேர்த்தும் பிடியுங்கள். சரளையில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும். எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்று முதலில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நாங்கள் சொல்வது: செங்குத்தான மண் சரிவில் இறங்கி நடங்கள். மழை பெய்த மறுநாள் நிச்சயமாக நடங்கள். பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் இதே விதிதான். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் முன்னே விளக்கும், பின்னே சிவப்புப் பிரதிபலிப்பானும் கட்டாயம்.

சைக்கிளை வயதுக்கேற்ப மாற்றுங்கள்

சின்ன வயதில் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள்தான் நம்மில் பலர். அதே உயரமான சைக்கிளை அறுபதிலும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குறுக்குக் கம்பி இல்லாத 'லேடீஸ் சைக்கிள்' ஏறி இறங்க வசதியானது. "ஊர்ல சிரிப்பாங்க" என்று ஆண்கள் கூச்சப்படுகிறார்கள். சிரிப்பவர்கள் உங்கள் கட்டை அவிழ்க்க வரப்போவதில்லை. கணவன் மனைவி இருவருக்கும் அந்த ஒரே சைக்கிள் பயன்படும் என்பது இன்னொரு லாபம்.

சீட்டின் உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். அதே நேரத்தில், நிறுத்தினால் காலின் முன்பகுதி தரையைத் தொட வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். டயர் வழுக்கையானால் மாற்றுங்கள்.

பேரன் வைத்திருக்கும் தடித்த டயர் கியர் சைக்கிள் மேட்டுப் பாதைக்கு நல்லதுதான். ஏற்றத்தில் இலேசான கியரில் போட்டால் முட்டிக்குச் சிரமம் குறையும். ஆனால் அதில் முன்னால் அதிகமாகக் குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில்பாரை உயர்த்திக் கொள்ளுங்கள். பேட்டரி சைக்கிள் ஏற்றத்தில் உதவும். ஆனால் அது கனம் அதிகம். இறக்கத்தில் அந்தக் கனமே உங்களைத் தள்ளும் என்பதை மறக்கக் கூடாது.

சுமையைக் குறையுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவது வாலிபனுக்கே ஆகாது. ஹேண்டில்பாரில் குடத்தையோ பையையோ தொங்கவிடாதீர்கள். சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும். ஐம்பதைத் தாண்டியவர் இறக்கத்தில் 'டபுள்ஸ்' ஏற்றவே கூடாது. வேட்டியை மடித்துக் கட்டுங்கள். சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் போடுங்கள். உருமால் வெயிலுக்கு நல்லது, கல்லுக்குத் தாங்காது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்திற்கு

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு, திடீரென்று எழுந்து நின்றால் தலை சுற்றும். மாத்திரையை ஆரம்பித்த புதிதிலும், அளவை மாற்றிய சமயத்திலும் சில நாள் சைக்கிள் ஓட்டாமல் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் தோன்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். உடனே இறங்கி உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ அதற்கு ஈடான வெல்லமோ வாயில் போடுங்கள். 15 நிமிஷம் பொறுங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை போடுங்கள். சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வெல்லம் எப்போதும் இருக்கட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மாரடைப்பு வந்து தேறியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மலைப்பாதையில் ஓட்டக் கூடாது.

மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி உட்காருங்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று மிதிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேட்கக் கூச்சப்படும் சந்தேகங்கள்

பெண்கள் கேட்பது: "சைக்கிள் ஓட்டினா கர்ப்பப்பை இறங்கிடுமாமே?" இல்லை. அடி இறங்குவதற்குக் காரணம் அடுத்தடுத்த பிரசவம், கனத்த சுமை தூக்குதல், தொடர்ந்த மலச்சிக்கல், நாள்பட்ட இருமல் போன்றவை. ஏற்கெனவே இறங்கியிருந்தாலோ, இருமினால் சிறுநீர் கசிந்தாலோ கூச்சப்படாமல் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

ஆண்கள் கேட்பது: "ஆண்மை குறைஞ்சிடுமா?" அளவோடு ஓட்டுவதால் குறையாது. குறுகிய கடினமான சீட்டில் நெடுநேரம் உட்கார்ந்தால் அந்த இடம் மரத்துப்போகலாம். அப்படி மரத்தால் எழுந்து நின்று மிதியுங்கள்; அகலமான மெத்தைச் சீட் போடுங்கள். மரமரப்பு தொடர்ந்தாலும், சிறுநீர் போகச் சிரமம் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு வாரம் கழித்துச் சைக்கிள் ஓட்டலாம். அதனால் உடம்பு பலவீனமாகிவிட்டது என்று காலமெல்லாம் ஒதுங்கி இருக்கத் தேவையில்லை.

சைக்கிள் மட்டும் போதாது

சைக்கிள் இதயத்துக்கும் தொடைக்கும் நல்லது. ஆனால் எலும்பை அவ்வளவாக வலுப்படுத்தாது. உடம்பின் பாரம் காலில் இறங்கினால்தான் எலும்பு கெட்டிப்படும். ஆகவே தினமும் நடையும் வேண்டும். கேழ்வரகுக் களியோ கூழோ, முருங்கைக்கீரை, பால், மோர், எள் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பருப்பு, பயறு, முட்டை தசைக்கு உதவும். "வயசாச்சு, ரசஞ்சோறு போதும்" என்று ஒதுங்குவது தவறு. முக்கியமாக, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரைச் சட்டென்று தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கும். நாட்டுக் கட்டுப் போட்டு நாளைக் கடத்தாமல் எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, தூக்கக் கலக்கம், உளறல், வலுக்கும் தலைவலி ஆகியவை அன்றைக்கோ அடுத்த சில நாட்களிலோ வந்தால் தாமதம் கூடாது. சிராய்ப்பைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, ரணஜன்னித் தடுப்பூசி பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள். சாணமோ, மண்ணோ, காபித் தூளோ வைக்கக் கூடாது.

படிப்படியாக இறங்குங்கள்

ஒரு நாள் சைக்கிளை விற்றுவிட்டு மறுநாள் திண்ணையில் உட்காருவது தவறு. மாடிப்படியில் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்குங்கள். முதலில் இரவு ஓட்டத்தை விடுங்கள். பிறகு சுமையை விடுங்கள். பிறகு இறக்கத்தை விட்டு அங்கே நடங்கள். பிறகு லாரி, பஸ் ஓடும் பெரிய சாலையை விடுங்கள். கடைசியில் ஊருக்குள் சமதளம் மிஞ்சும். அதை முடிந்தவரை விடாதீர்கள்.

முழுவதும் நிறுத்த வேண்டிய காலமும் ஒருநாள் வரும். ஓராண்டில் இரண்டு மூன்று தடவை காரணம் தெரியாமல் விழுவது, பழகிய வழியே மறந்துபோவது, எதிரே வருபவர் முகம் தெரியாதது, ஓட்டும்போது மயக்கம் வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போதும் கண்புரை அறுவை செய்தாலோ, மருந்தை மாற்றினாலோ சிலர் மறுபடி ஓட்ட முடியும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இந்த முடிவைத் தம்பதியர் சேர்ந்து எடுக்க வேண்டும். ஓட்டுபவருக்குத் தம் தள்ளாட்டம் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஆனால் அதை நாலு பேர் முன்னால் குத்திக்காட்டினால் வீம்புதான் வளரும். தனியாக இருக்கும்போது, "போன வாரம் இறங்கும்போது தடுமாறுனீங்களே, அந்தச் சரிவுல மட்டும் நடந்து வாங்களேன்" என்று ஒரு படியை மட்டும் சொல்லுங்கள். கேட்பவரும் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களோடு இன்னும் பல வருஷம் சேர்ந்து வாழ விரும்புகிறவர் சொல்கிற வார்த்தை அது.

வயதைப் பார்த்துச் சைக்கிளை விட வேண்டாம். வயதை மறந்து ஓட்டவும் வேண்டாம்.

நினைவில் வையுங்கள்:

ஏற்றத்தில் பேச முடியும் வரை மிதியுங்கள். மூச்சு வாங்கினால் தள்ளுங்கள்.
செங்குத்தான இறக்கத்தில் நடங்கள்.
இருட்டில் ஓட்டாதீர்கள்; பாரம் ஏற்றாதீர்கள்.
பையில் வெல்லம், தலையில் கவசம், பிரேக்கில் நல்ல கட்டை.
சைக்கிள் ஓட்டினாலும் தினமும் நடங்கள்.
இருவரும் பேசி, படிப்படியாக முடிவு செய்யுங்கள்.